டப்பா படம்னு யாரைச் சொல்றீங்க? வடசென்னையும் மலிவு பட்ஜெட் படங்களும்

டி.எச்.ரோடு பெஞ்சு எழுதியது:

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. 'மோசமான படம் பார்க்கலாம் வாங்க' என்று பத்துப் பேர் கூடி, பழைய பேய்ப் படம், பாம்புப் படம், டூப்ளிகேட் புரூஸ் லீ படம் எதையாவது பெரிய டிவியில் போட்டு, காட்சிக்குக் காட்சி கமென்ட் அடித்துச் சிரிப்பது. தெற்கே ஒரு காபிக் கடையில் நடந்த அப்படி ஒரு கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனார்கள். 'ஜெகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி வந்ததும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தர், "நார்த் மெட்ராஸ்ல இதையெல்லாம் சீரியஸா பார்த்திருக்காங்க பாஸ்" என்றார். சுருக்கென்றது. அதனால்தான் இந்த இழை.

ஆமாம், சீரியஸாகத்தான் பார்த்தோம். அந்த அடுப்புக் காட்சியில் எனக்கு முன் பெஞ்சில் இருந்த ஆயா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். படம் விட்டு வெளியே வந்ததும் டீக்கடையில் பஞ்சாயத்து: அடுப்புக்குப் பின்னால் பள்ளம் தோண்டி ஆளை உட்கார வைத்தானா, பொம்மைக் காலா என்று. பயமும் இருந்தது, 'எப்படிடா எடுத்தான்' என்ற ஆராய்ச்சியும் இருந்தது. புரியாமல் பார்த்தார்கள் என்று நினைப்பவருக்குத்தான் எதுவும் புரியவில்லை.

அந்தப் படத்தை எடுத்த பி.விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர். 1920இல் பிறந்தவர், 1999இல் மறைந்தார். 'ஜெகன்மோகினி' 1978இல் தெலுங்கில் எடுத்த படம். நம்ம பக்கம் பார்த்தது தமிழ் டப்பிங். கம்ப்யூட்டர் ஏது? கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டுவது. ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் பிடிப்பது. சரக்கு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கூடம் நிறைய ஆட்களை நடுங்க வைப்பது லேசுப்பட்ட வேலையா?

என் கட்சி இது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரத்து ஆள் இந்த மாதிரிப் படத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். போஸ்டரில் என்ன போட்டாயோ அதைக் காட்டு. பாம்பு போட்டால் பாம்பு வரணும். எலும்புக்கூடு போட்டால் அது எழுந்து ஆடணும். வந்தால் கைத்தட்டல், வராவிட்டால் சீட்டுக்குச் சேதாரம். நடிப்பு, கதை, லாஜிக் எல்லாம் அவன் ஒப்பந்தத்திலேயே இல்லை. பெரிய ஹீரோ படம் ஏமாற்றினால் 'தலைவருக்காக' என்று விட்டுக்கொடுப்பான். இங்கே விட்டுக்கொடுக்க யாரும் இல்லை, அதனால் கறார்.

உங்களுக்குத் தெரிந்ததைக் கொட்டுங்கள். ஒரே வேண்டுகோள்: எந்தத் தியேட்டரில் 'அந்த' ரீல், அதாவது படத்துக்கு நடுவே திருட்டுத்தனமாக ஒட்டிய ஆபாசப் பிட்டு, ஓடியது என்று பெயர் போட்டு எழுத வேண்டாம். நடத்தியவர்களின் பிள்ளைகள் இங்கேயேதான் இருக்கிறார்கள்.

கல்மண்டபம் காளை எழுதியது:

தல, ஒயுங்கா சொன்ன.

எங்காண்ட சண்டைப் படம்னா பாக்ஸிங் பழகுற பசங்க மொத்தமா வந்து எறங்குவாங்க. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர்னு பரம்பரை பேரு சொல்லி வளந்த ஊரு. 1980ல முகமது அலியே மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல எறங்குனாரு. எங்க நைனா அதப் பாத்துட்டு வந்து கண்ண மூடுற வரைக்கும் அதயே சொல்லிக்கினு இருந்தாரு. இந்த மாதிரி ஆளுங்களாண்ட போயி டூப்பு புரூஸ் லீய காட்னா சும்மா உடுவானா? காலு எங்க வெச்சான், அடி எங்க உழுந்துச்சு, மெய்யாலுமே அட்ச்சானா அட்ச்ச மேரி காட்னானான்னு பிரிச்சு மேஞ்சிருவான். டிராகன் லீன்னு ஒர்த்தன், ஒடம்பு கல்லு மேரி கீது. புரூஸ் லின்னு இன்னொர்த்தன், கடேசி எழுத்த மட்டும் கொறச்சிட்டான். புரூஸ் லேன்னு வேற ஒர்த்தன். பேர்ல ஏமாத்துனா பரவால்ல, அடியில ஏமாத்தக்கூடாது. அதான் எங்க ரூலு.

பெரம்பூர் லோகோ எழுதியது:

காளை அண்ணன் சொன்ன மூணு பேரும் நிஜமாவே இருந்தவங்க. அசல் புரூஸ் லீ 1973 ஜூலை 20ல செத்துட்டார். 'என்டர் தி டிராகன்' அதுக்கு அப்புறம்தான் ரிலீஸ் ஆகி உலகம் பூரா ஓடுச்சு. ஆள் இல்ல, கூட்டம் மட்டும் வாசல்ல நிக்குது. ஹாங்காங்ல, தைவான்ல, கொரியாவுல அவர் சாயல்ல இருக்கிற பசங்களப் பிடிச்சு, பேரை மாத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி வரிசையா எடுத்துத் தள்ளினாங்க. இதுக்குன்னே 'புரூஸ்பிளாய்டேஷன்'னு ஒரு பேர் இருக்கு.

பெரிய கம்பெனி மட்டும் ஒழுங்கான்னா, அதுவும் இல்ல. அவர் பாதியில விட்டுட்டுப் போன 'கேம் ஆஃப் டெத்'தை டூப்பு ஆளுங்கள வெச்சு முடிச்சு 1978ல விட்டாங்க. அதுல ஒரு ஷாட்ல, மேக்கப் கண்ணாடி மேல புரூஸ் லீ முகத்த அட்டையில வெட்டி ஒட்டி வெச்சிருப்பாங்க. கீழ வேற ஆளோட உடம்பு. அதே படத்துல கதாநாயகன் செத்ததா வர்ற இடத்துல, அவரோட நிஜ சவ ஊர்வலக் காட்சியையே போட்டாங்க. 'டப்பா படம்'ங்கிற முத்திரை மட்டும் தைவான்காரன் நெத்தியில.

அமெரிக்காவுல இந்த மலிவு பட்ஜெட் பட வியாபாரத்துக்குப் பெரியவர் ரோஜர் கார்மன். 2024 மே மாசம்தான் இறந்தார், 98 வயசு. 1960ல வந்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தோட பெரும்பகுதிய, வேற படத்துக்குப் போட்டுக் கலைக்காம இருந்த செட்டுலயே ரெண்டு பகல் ஒரு ராத்திரியில முடிச்சார். கொப்பாலா, ஸ்கார்செஸி, ஜேம்ஸ் கேமரூன்னு பின்னால பெரிய ஆளானவங்க பல பேர் அவர்கிட்ட குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்கதான். அதே ஆள்தான் ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மனோட படத்த அமெரிக்காவுல வாங்கி, கார்ல உட்கார்ந்து பார்க்கிற திறந்தவெளித் தியேட்டர்லயும் ஓட்டினவர்.

சைடு ரீல் எழுதியது:

பெஞ்சு சார், கோவிச்சுக்காதீங்க, அந்த மாதிரி காபிக் கடைக் கூட்டத்துக்கு நானும் போறவன்தான். கொருக்குப்பேட்டை பையன். நீங்க சொல்றது ஒரு பக்கம்தான்.

காந்தி ஷா எடுத்த இந்திப் படம் 'குண்டா', மிதுன் சக்கரவர்த்தி நடிச்சது, 1998. வந்த வேகத்துல பெட்டிக்குள்ள போச்சு. அதுக்கு மறுபிறவி குடுத்தது யாரு? ஐஐடி ஹாஸ்டல் பசங்க. ரைமிங் வசனத்த மனப்பாடம் பண்ணி, இன்டர்நெட்ல எழுதி எழுதி ஊருக்கே தெரிய வெச்சாங்க. சிரிக்கத்தான் ஆரம்பிச்சாங்க. ஆனா இத்தனை வருஷம் கழிச்சும் ஒருத்தன் ஒரு படத்த வரிக்கு வரி ஒப்பிக்கிறான்னா அதுக்குப் பேர் என்ன? நம்ம பக்கம் 2007ல வந்த 'யாருக்கு யாரோ' பாட்டு யூடியூப்ல ஓடினதும் இதே கதை. கிண்டல் பண்ண ஆள் இல்லன்னா அந்தப் படம் வந்துச்சான்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு. உங்க காலத்துல எல்லாரும் பயபக்தியோட பார்த்தீங்களா? பெஞ்சுல இருந்து வர்ற கமென்ட்டுக்குன்னே படம் பார்த்ததா எங்க மாமா சொல்வார்.

டி.எச்.ரோடு பெஞ்சு எழுதியது:

கமென்ட் இல்லாத பெஞ்சு உண்டா தம்பி? உண்டு என்றால் அது சபா. ஆனால் பெஞ்சு கமென்ட் படத்துக்கு உள்ளே இருந்து வரும். "டேய், பின்னால பாருடா, வரா பாரு" என்று ஹீரோவுக்கு எச்சரிக்கை கொடுப்பான். பேயிடமே பேரம் பேசுவான். காபிக் கடையில் கேட்டது அப்படியில்லை. எடுத்தவனைப் பார்த்தும், இதைப் பார்த்தவர்களைப் பார்த்தும் சிரித்தார்கள். 'குண்டா' பசங்களை நான் குறை சொல்லவில்லை. வசனத்தை மனப்பாடம் பண்ணுகிறவன் நம்ம ஜாதி.

போஸ்டர் ஒப்பந்தம் மீறிப்போன கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஐ.வி.சசியின் 'அவளுடெ ராவுகள்', 1978, மலையாளம், 'ஏ' சர்டிபிகேட். போஸ்டரைப் பார்த்து வந்தவன் எதிர்பார்த்தது வேறு. உள்ளே இருந்தது ஒரு பெண்ணின் துயரம். சீமா நடிப்பைப் பார்த்துவிட்டுப் பாதிக் கூட்டம் திட்டிக்கொண்டு போனது என்றும், மீதிப் பாதி சத்தமில்லாமல் மறுபடி டிக்கெட் எடுத்தது என்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிலிம் சுருள் எழுதியது:

ஐயா, நான் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் ஆரம்பித்து, டிஜிட்டல் வந்ததும் வீட்டுக்குப் போனவன். எந்தத் தியேட்டர் என்று கேட்காதீர்கள், பெஞ்சு சார் போட்ட விதி எனக்கும் நல்லதுதான்.

நீங்கள் எல்லாரும் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்தது படம் இல்லை, படத்தின் மிச்சம். மவுண்ட் ரோட்டில் ஓடி, வெளியூர் சுற்றி, கடைசியாகப் பொட்டி நம்மிடம் வரும்போது பிரிண்ட்டில் மழை பெய்யும். அந்தக் கோட்டைப் பார்த்தே பிரிண்ட்டின் ஜாதகம் சொல்லலாம். கலர் பிரிண்ட்டில் மருந்துப் பக்கம், அதாவது படம் பதிந்திருக்கும் பக்கம், லேசாகக் கீறினால் திரையில் பச்சைக் கோடு. இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள். மருந்தே போய்விட்டால் வெள்ளை. முதுகுப் பக்கம் கீறினால் கறுப்பு. பச்சை என்றால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வெள்ளைக் கோடு ஓடுகிற பிரிண்ட்டைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிரிண்ட்டில் நீலமும் பச்சையும் செத்துப்போய் மொத்தப் படமும் வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்திருக்கும். பேய்ப் படத்துக்கு அது தானாக வந்த எஃபெக்ட்! ஒருத்தன் வந்து, "அண்ணே, அந்த ரத்தக் கலர் லைட்டு எப்படிப் போட்டாங்க?" என்று கேட்டிருக்கிறான். அது சாயம் போனதுப்பா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1000 அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும். அறுந்தால் ஓரத்து மருந்தைச் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டுவோம். ஒவ்வொரு ஒட்டுக்கும் ரெண்டு மூணு கட்டம் போகும். வினாடிக்கு 24 கட்டம்தானே, ரெண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். பத்து இடத்தில் அறுந்து ஒட்டிய சண்டைக் காட்சி வேகமாகத் தெரியும். காளை தம்பி, நீங்கள் மெச்சிய வேகத்தில் கொஞ்சம் எங்கள் கத்திரிக்கோலுக்கும் பங்கு உண்டு.

இரண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்ட் வரும் நாட்களும் உண்டு. இங்கே ஒரு ரீல் முடிந்ததும் பையன் சைக்கிளில் தூக்கிக்கொண்டு பறப்பான். ரயில்வே கேட் போட்டுவிட்டால் அங்கே திரையில் சிலைடு, விசில், கெட்ட வார்த்தை.

'அந்த' ரீல் பற்றி. 1952ஆம் வருஷத்துச் சினிமாட்டோகிராப் சட்டப்படி சர்டிபிகேட் வாங்கிய படத்தில் ஒரு அடி கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குற்றம். தெரிந்தும் செய்தார்கள். பிட்டு தனியாக ஒரு ஆள் கையில் வரும், பொட்டியோடு வராது. இடைவேளைக்குப் பிறகு எங்கேயாவது ஒட்டச் சொல்வார்கள். கதையில் மழை பெய்துகொண்டிருக்கும், திடீரென்று வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கலர். மூணு நிமிஷம். மறுபடியும் மழை. யாரும் தொடர்ச்சி கேட்டதில்லை. ரெய்டு என்று வாடை அடித்தால் முதலில் மறைய வேண்டியது அந்தச் சின்னச் சுருள்தான், அது எங்கே மறையும் என்பதை மட்டும் எழுத மாட்டேன்.

மிண்ட் மல்லி எழுதியது:

இவ்வளவு நேரம் 'ரசிகன், ரசிகன்'னே படிச்சிட்டு வந்தேன். அந்த முந்தானை ஆயாவைத் தவிர ஒரு பொம்பளையைக் காணோம்.

நான் பள்ளிக்கூடம் போற வழியில அப்படி ஒரு தியேட்டர் இருந்துச்சு. படம் பேரைவிட 'ஏ' எழுத்து பெருசா இருக்கும். காலைக் காட்சி விடுற நேரமும் நாங்க சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போற நேரமும் ஒண்ணு. எதிர்ப் பக்கம் மாறி, தரையப் பார்த்துக்கிட்டே நடக்கணும். நீங்க உள்ள உட்கார்ந்து 'ஒப்பந்தம்' பேசினப்போ ரோட்டுல எங்க நிலைமை இது. இதையும் சேர்த்து எழுதுங்க.

அந்த மூணு நிமிஷச் சுருள்ல இருந்த பொண்ணு யாருன்னு யாராவது கேட்டீங்களா? பேரு தெரிஞ்சவங்க கதையே போதுமே. சில்க் ஸ்மிதா 'வண்டிச்சக்கர'த்துல 1980ல வந்தாங்க. பின்னாடி, விக்காம பெட்டியில கிடந்த படத்துக்கெல்லாம் அவங்க ஆட்டம் ஒண்ணு எடுத்துச் சேர்த்து வித்துக் காசாக்கினாங்க. 1996 செப்டம்பர்ல அவங்க போய்ச் சேர்ந்தப்போ வயசு 35. ஷகிலா மெட்ராஸ் பொண்ணு. 2000ல 'கின்னாரத் தும்பிகள்' ஓடினதும் கேரளாவுல பெரிய ஸ்டார் படமே அவங்க ரிலீஸ் தேதியப் பார்த்துப் பயந்துச்சுன்னு பேசுவாங்க. டூப்பு வெச்சு எடுத்த காட்சியெல்லாம் தன் பேர்ல போனதைப் பத்தி அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க. போஸ்டர்ல போட்டதை காட்டணும்னு நீங்க கறாரா நின்னீங்க இல்ல, அந்தக் கறாருக்கு ஈடு கட்டினது இவங்கதான்.

அதே சமயம் எங்களுக்குன்னு ஒரு டப்பா படம் இல்லாம இல்ல. ஆடி மாசம் அம்மன் படம்! பாம்பு, குரங்கு, யானை வெச்சு இராம.நாராயணன் எடுத்ததெல்லாம் யாருக்காக? 'ஆடி வெள்ளி' 1990. நூறு படத்துக்கு மேல டைரக்ட் பண்ணின மனுஷன், 2014ல இறந்தார். ஒரு பத்திரிகை அவரை மதிச்சு ஒரு நல்ல கட்டுரை போட்டுப் பார்த்ததில்ல. மேட்னிக்கு எங்க தெருவே கிளம்பும். சாப்பாட்டுத் தூக்கோட, பிள்ளையோட. அம்மன் கண்ணைத் திறக்கிற இடத்துல நாலு பேருக்கு அருள் வந்துடும். பக்கத்துல இருக்கிறவங்க தண்ணி தெளிச்சு, குங்குமம் வெச்சு உட்கார வைப்பாங்க. உங்க கல்ட் ரசிகர் கூட்டம் எங்களுக்கு முன்னாடி எம்மாத்திரம்?

கல்மண்டபம் காளை எழுதியது:

அக்கா, அருள் மேட்டரு நூறு பர்சென்ட்டு. எங்காண்ட அம்மன் படம் போட்டா வாசல்லயே வேப்பிலத் தோரணம் கட்டி, செலய வெச்சி, உண்டியலும் வெச்சிருவாங்க. டிக்கெட்டு வாங்கி, சூடத்த தொட்டுக் கும்புட்டு, அப்பால தான் உள்ள. எங்கம்மா செருப்பக் கழட்டி வெளிய வுட்டுட்டுப் போயி, வரும்போது காணோம். யாரோ பக்தை லவுட்டிக்கினு போய்ட்டா.

பெரம்பூர் லோகோ எழுதியது:

மல்லி அக்கா சொன்னதுக்கும் காளை அண்ணன் சொன்னதுக்கும் சேர்த்து ஒரு தகவல். வில்லியம் கேஸில்னு ஒரு அமெரிக்கத் தயாரிப்பாளர், 1959ல 'தி டிங்லர்'ங்கிற படத்துக்குச் சில தியேட்டர்ல சீட்டுக்கு அடியில மோட்டார் வெச்சு, பயங்கரக் காட்சி வரும்போது சீட்டையே அதிர வெச்சார். அவர் மோட்டார் வெச்சார், நம்ம ஆளுங்க உண்டியல் வெச்சாங்க. வரவு செலவு பார்த்தா நம்ம ஐடியாதான் மேல்.

கிரோகர் பாப்னு இன்னொருத்தர். 1945ல 'மாம் அண்ட் டாட்'னு ஒரு படம். பாலியல் கல்வின்னு சொல்லி விளம்பரம், ஆம்பளைங்களுக்குத் தனிக் காட்சி, பொம்பளைங்களுக்குத் தனிக் காட்சி, ஹால்ல நர்ஸ் உடுப்புல ஆள், நடுவுல ஒருத்தர் மேடையேறி லெக்சர் குடுத்துப் புத்தகம் விப்பார். பிரசவக் காட்சிதான் அதுல 'ஐட்டம்'. நம்ம நாட்டுல 1974ல இந்தியில 'குப்த் ஞான்' வந்தப்போ இதே 'கல்வி' போர்வைதான். காட்ட முடியாததக் காட்டணும்னா டாக்டர் கோட்டு போடு. இல்லன்னா சாமி வேஷம் போடு.

சைடு ரீல் எழுதியது:

டைரக்டர் கர்ணன் எடுத்த படம் பத்தி யாரும் பேசலையே? குதிரை, தொப்பி, துப்பாக்கின்னு தமிழ்ல கௌபாய் எடுத்தாரே.

பிலிம் சுருள் எழுதியது:

கேமராமேன் கர்ணன். 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் 1972. 'ஜம்பு' 1980, அதை ஓட்டும்போது பொம்பளைக் கூட்டம் வராது, காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் குதிரைக் காட்சிகளை இன்று பார்த்தாலும் மரியாதை வரும். குதிரைக் குளம்பு மட்டத்தில் கேமராவை வைத்திருப்பார். அதைப் பார்த்து ஒரு காபிக் கடையும் சிரிக்க முடியாது. ஜெய்சங்கர் ரசிகர் மன்றத்துப் பசங்க அந்த ரீல் வரும்போது ஆபரேட்டர் ரூம் கதவைத் தட்டி, "அண்ணே, போகஸ் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

டி.எச்.ரோடு பெஞ்சு எழுதியது:

மல்லி, ரோட்டின் எதிர்ப் பக்கத்தில் இருந்து பார்த்ததை நீங்கள்தான் எழுத முடியும். ஒப்பந்தத்தில் மூன்றாவது கையெழுத்து ஒன்று இருந்தது, அவர்களைக் கேட்காமலே போட்டது. அதற்காக உள்ளே இருந்தவர்களை மொத்தமாக மிருகமாக்கவும் எனக்கு ஒப்பவில்லை. ராத்திரி லாரியில் மூட்டை இறக்கிவிட்டு, காலைக் காட்சிக்கு வந்து, பாதியில் குறட்டை விட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஃபேன் ஓடும், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மிண்ட் மல்லி எழுதியது:

தூங்க வந்தவருக்கு டிக்கெட் காசு தியேட்டர்காரர் திருப்பித் தரணும், அது தனி வழக்கு. மிருகம்னு நான் சொல்லவே இல்ல சார். சில்க் போஸ்டரை வீட்டுச் சுவத்துல ஒட்டின அதே ஆள்தான் அவங்க செத்தப்போ ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்ததையும் பார்த்திருக்கேன். என் சித்தப்பாதான்.

கொருக்குப்பேட்டை கேட் எழுதியது:

இழையைத் திசை திருப்பறதுக்கு மன்னிக்கவும். எங்க தாத்தா வீட்டை இடிக்கும்போது பரண்ல ஒரு பிஸ்கட் டின் கிடைச்சுது. நிறைய ஃபிலிம் துண்டு. ஃபியூஸ் போன பல்புல தண்ணி ஊத்தி, கண்ணாடி வெச்சு வெயில்ல காட்டி, வேட்டியில படம் காட்டுவோமே, அந்தக் காலத்துச் சரக்கு. அகஸ்தியா தியேட்டர் இருந்தப்போ அங்க வெளிய பொறுக்கினதுன்னு அப்பா சொல்றார். 2020லதான் அதையும் மூடிட்டாங்களே, போய்க் கேட்கவும் ஆள் இல்ல. ஒரு துண்டுல எலும்புக்கூடு தெரியுது. என்ன படம்னு கண்டுபிடிக்க முடியுமா? புளிச்ச வாடை வேற அடிக்குது.

பிலிம் சுருள் எழுதியது:

வாடை வினிகர் மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது. டின்னை மூடியே வைக்காதீர்கள், மூடினால் அந்த வாடையே அதைச் சீக்கிரம் தின்றுவிடும். புளித்த துண்டுகளைத் தனியாக எடுத்து, காகிதக் கவரில் போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். வெயிலில் வைத்து வேட்டியில் படம் காட்டவும் வேண்டாம், ஆசையாக இருந்தாலும்.

ஓரத்தில் துளைகளுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஈஸ்ட்மன், ஆர்வோ, கேவா என்று ஏதாவது ஃபிலிம் கம்பெனி எழுத்து இருக்கும். கோடாக் ஃபிலிம் என்றால் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அதுதான் ஃபிலிம் தயாரான வருஷத்துக்கு அடையாளம். ஒரே குறி இருபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. எலும்புக்கூடு துண்டை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், ஓரமும் தெரிகிற மாதிரி. சவுண்ட் டிராக் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிய வேண்டும், தலைகீழாகப் பிடித்துவிடாதீர்கள்.

கல்மண்டபம் காளை எழுதியது:

போட்டோ போடு நைனா. எலும்புக்கூடு ஆடுதா, சொம்மா நிக்குதா, அத மொதல்ல சொல்லு.